மச்சிலிருந்து அந்த விமானத்தை இறக்குங்கள்

கேள்வி: நீங்கள் மிக உயர்வாக மதிக்கும் விமானி யார் சார்?
– கல்லூரி மாணவர், திங்கள்சந்தை

பதில்: ஒருவரல்ல தம்பி, இரண்டு பேர். பாப் பியர்சன், மாரிஸ் குவின்டால். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜினும் நின்றுவிட்டன. 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டுதான் இருந்தது. அதாவது பாதிக்கும் குறைவு. அலகைக் குழப்பினால் என்ன ஆகும் என்று பிசிக்ஸ் வகுப்பில் இதைத்தான் சொல்வேன். பியர்சனுக்கு என்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழக்கம் உண்டு. குவின்டாலுக்கோ, தான் விமானப்படையில் இருந்த காலத்து கிம்லி ஓடுதளம் நினைவுக்கு வந்தது. இறங்க நினைத்த வின்னிபெக் நகரம் வரை போகாது என்று கணக்குப் போட்டு கிம்லிக்குத் திரும்பினார்கள். உயரம் மிஞ்சியபோது பியர்சன் அந்தப் பெரிய விமானத்தைக் கிளைடர் போலப் பக்கவாட்டில் சரித்து இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைலட் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் மெடிக்கலில் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதமாக யாரோடும் பேச்சில்லை. ராத்திரி மொட்டைமாடியில் நின்று விமானத்தையே பார்க்கிறான். பார்க்கப் பார்க்க வேதனைதானே என்று அவன் அறையிலிருந்த விமானப் படங்களையும் பொம்மைகளையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?
– ஒரு தாய், குழித்துறை

பதில்: அம்மா, எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இன்றைக்கே.

1978-ல் எனக்கு வயது 20. வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, என்ன எண் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். 21 என்றேன், துளி சந்தேகமில்லாமல். அடுத்து வந்த பையன் அதே பக்கத்தைப் பார்த்து 74 என்றான். அவனை உள்ளே அனுப்பினார்கள், நான் ஊருக்கு பஸ் ஏறினேன். "போட்டும் மக்கா, ரெண்டும் நம்பருதானே" என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முருக்குத் தடியில் நான் செதுக்கி வைத்திருந்த விமானத்தை எடுத்து மச்சில் போட்டுவிட்டார். அதன்பிறகு வீட்டில் யாரும் விமானம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஆகாயத்தில் சத்தம் கேட்டால் அப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பார். அவ்வளவும் என்மேல் உள்ள பாசம்தான். ஆனால் எனக்கு அது துட்டி வீடு மாதிரி இருந்தது. வேலை கிடைக்காத துக்கத்தோடு, ஆசைப்பட்டதே குற்றம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. ஓடு மாற்ற மச்சைக் காலி செய்தபோதுதான் அந்த விமானத்தை மறுபடி பார்த்தேன். 11 வருடம் கழித்து, ஒரு இறக்கை ஒடிந்து.

பரிசோதனை செய்தவர்கள்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. பிறகு ஒரு விவரம் படித்தேன். ரேடியோ பழுதாகிப்போன விமானத்துக்கு கன்ட்ரோல் டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டு, வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் படித்த ராத்திரி என் கோபம் தீர்ந்தது. என் கண்ணை நம்பி நானே யாரையும் ஏற்றமாட்டேன்.

ஆசை மட்டும் தீரவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம்தான் பல வருடம் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தேன். ஆடிக்காற்றில் முப்பந்தல் ரோட்டில் சைக்கிள் மிதித்த பிள்ளைகளுக்கு வெக்டார் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று அடிக்கிற பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேரே போகும். விமானமும் குறுக்குக்காற்றில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டேதான் ஓடுதளத்தை நோக்கி வரும். தரையைத் தொடுகிற நேரத்தில் பைலட் காலால் மிதித்து, ரடர் என்கிற வால் சுக்கானைத் திருப்பி நேராக்குவார். போர்டில் நான் அதைத்தான் வரைவேன்.

2016-ல் ஓய்வு பெற்றேன். அந்த ஜூன் மாதம், 58 வயதில் முதல் விமானப் பயணம், சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு. பருவக்காற்று இடது பக்கக் கடலிலிருந்து தள்ளியது. விமானம் கடலைப் பார்த்து மூக்கைத் திருப்பியபடியே இறங்கியது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்: இப்போது மிதிப்பார், இப்போது. மிதித்தார். சக்கரம் பட்டதே தெரியவில்லை. இறங்கும்போது வாசலில் கேப்டன் நின்றார், என் மகள் வயதுதான் இருக்கும். "கிராஸ்விண்ட்ல அருமையா நேராக்கினீங்கம்மா" என்றேன். "சார், நீங்க பைலட்டா?" என்று கேட்டார். "பிசிக்ஸ் வாத்தியார்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பொறாமை வரும் என்று பயந்துகொண்டுதான் ஏறியிருந்தேன். வரவேயில்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. மறுபரிசோதனை கேட்க வழியுண்டு. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் அதற்கான முறையை உடனே விசாரியுங்கள். பிறவியிலேயே வந்த நிறக்குறைபாட்டுக்கு மருந்து கிடையாது. கலர் கண்ணாடி, லேகியம் என்று யாராவது வந்தால் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். கன்ட்ரோல் டவர் வேலைக்குப் போகலாமே என்று நல்லெண்ணத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள். அங்கேயும் நிறம் பார்ப்பார்கள், பிள்ளைக்கு இரண்டாவது அடி விழும். விமானப் பொறியியலோ வேறு படிப்போ, அதை அவனே சொல்லட்டும். இந்தக் குறை தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது என்று எங்காவது படித்துவிட்டு உங்களை நீங்களே நொந்துகொள்ளவும் வேண்டாம். என் அம்மா வழியாகத்தான் எனக்கும் வந்தது. அவள்மேல் ஒரு நாளும் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

ஒரு சாயங்காலம் மகனைத் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பேத்தியோடு நான் போவதுண்டு. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை. எனக்கு இருட்டில் இரண்டும் ஒன்றுதான். "சிவப்பு எந்தப் பக்கம் மக்கா?" என்று கேட்பேன். "நம்ம வலது கைப் பக்கம், பாட்டா" என்பாள். "அப்போ நம்மளப் பாத்துதான் வருது" என்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், தலைக்குமேல் அது கடந்து போகும்வரை.