நுகர்வோர் கேள்வி-பதில்: ஸ்டென்ட் வைத்தவருக்கு ‘ஹார்ட் கிட்’ வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டு வருகிறார். நேரடி விற்பனையில் சேர்ந்திருக்கும் என் ஓர்ப்படி ‘ஹார்ட் கிட்’ என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் மீன் எண்ணெய், பூண்டு, கோ-கியூ 10 என்று மூன்று டப்பா. மாதம் 6,500 ரூபாய் ஆகும். மூன்று மாதம் சாப்பிட்டால் ஆஸ்பத்திரி மாத்திரைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடலாம் என்கிறார். வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் மாத்திரை விஷயம். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் காப்பது ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். பாதியில் விட்டால் வைத்த ஸ்டென்ட்டே திடீரென அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம். குளோபிடோகிரெலை ஒரு கட்டத்தில் டாக்டரே நிறுத்தச் சொல்லக்கூடும். அதை அவர்தான் சொல்ல வேண்டும், பெட்டி விற்பவர் சொல்லக் கூடாது.

இப்போது அந்த மீன் எண்ணெய் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முன்னால் ‘1000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படுகிற ஒமேகா-3 அதில் எவ்வளவு என்பது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் கேப்ஸ்யூலில் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி.தான்.

உங்கள் ஓர்ப்படி ஏதாவது ஆய்வைக் காட்டினால் அது பெரும்பாலும் 2018-ல் வந்த ‘ரெட்யூஸ்-இட்’ ஆய்வாக இருக்கும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாக இருந்தவர்களுக்கு, அவர்கள் சாப்பிட்டு வந்த ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையோடு (உங்கள் கணவரின் அட்டோர்வாஸ்டாட்டின் அந்த வகைதான்) சேர்த்து, இ.பி.ஏ.-வைச் சுத்திகரித்துச் செய்த மருந்தைத் தினம் 4 கிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 25 சதவீதம் குறைந்தன. அந்த அளவை எட்ட உங்கள் டப்பாவிலிருந்து தினம் 13, 14 கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும், அப்போதும் அது அந்த மருந்து ஆகாது. 2020-ல் வேறொரு ஒமேகா-3 கலவையை அதே 4 கிராம் கொடுத்துப் பார்த்த ‘ஸ்ட்ரெங்த்’ ஆய்வில் பலன் இல்லை. கடையில் கிடைப்பது போன்ற 1 கிராம் அளவை 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ‘வைட்டல்’ ஆய்விலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறு சற்றுக் கூடியதும் பதிவாகியிருக்கிறது. அசைவம் சாப்பிடுபவர் என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு வையுங்கள். நல்ல ஒமேகா-3 அதிலேயே இருக்கிறது.

பூண்டு கேப்ஸ்யூலுக்கு 2022-ல் அமெரிக்காவில் வந்த ‘ஸ்போர்ட்’ ஆய்வைச் சொல்லலாம். சுமார் 200 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை, மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, சிவப்பு ஈஸ்ட் அரிசி, தாவர ஸ்டெரால், வெற்று மாத்திரை என்று 28 நாள் கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் குழுவில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சுமார் 38 சதவீதம் இறங்கியது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டுக் குழுவில் எல்.டி.எல். கொஞ்சம் ஏறியே இருந்தது. மருந்து நிறுவனம் பணம் கொடுத்து நடந்த ஆய்வு, குறுகிய காலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ‘கொழுப்பு மாத்திரைக்குப் பதில் இது’ என்று விற்பவருக்கு அந்த எண்கள் சரியான பதில். உங்கள் கணவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மாத்திரை போகிறது. அதற்குமேல் செறிவூட்டிய பூண்டு கேப்ஸ்யூல் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். சமையலில் போடும் பூண்டுக்குப் பயப்பட வேண்டாம்.

கோ-கியூ 10 என்பது உடலே உருவாக்கிக்கொள்ளும், வைட்டமின் போன்ற ஒரு பொருள். அது அடைப்பைக் கரைக்காது. அவ்வளவுதான்.

அந்த டப்பாக்களில் ‘மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் விதிப்படி அது கட்டாயம். நோயைத் தீர்க்கும் என்று சொல்லி இவற்றை விற்கக் கூடாது. ஓர்ப்படியிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம், அந்த வரியை விரல் வைத்துக் காட்டி, “டாக்டர் வேண்டாம்னுட்டார்” என்று சீல் உடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். 2021-ன் நேரடி விற்பனை விதிகள் இந்த வியாபாரத்தையும் கட்டுப்படுத்துகின்றன.

கேள்வி: எனக்கு 62 வயது. ஆஞ்சியோவில் இரண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள். ‘ஆபரேஷன் இல்லை, ஸ்டென்ட் இல்லை, அடைப்பு கரையும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனேன். கீலேஷன் டிரிப் 30, இ.இ.சி.பி. 35, சேர்த்து ஒரே பேக்கேஜ், முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். – வாசகர், சேலம்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இ.இ.சி.பி. என்பது கால், தொடை, இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டி, இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் காற்றால் அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும் முறை. ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வுகள் என்பது வழக்கமான கணக்குதான். எல்லா மருந்தும் கொடுத்தும் நெஞ்சுவலி விடாமல், ஆபரேஷனுக்கும் ஸ்டென்ட்டுக்கும் வழியில்லாதவர்களுக்கு வலி குறைய இது உதவலாம். அடைப்பு அப்படியேதான் இருக்கும்.

கீலேஷன் வேறு கதை. இ.டி.டி.ஏ. என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவது, ஈய நச்சு ஏறியவர்களுக்கான சிகிச்சை. இதயத்துக்கு உதவுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,708 பேரிடம் சோதித்து 2013-ல் வெளிவந்த ஆய்வில் சிறிய பலன் தெரிந்தது, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம். அதை உறுதிசெய்ய, மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடமே மறுபடி சோதித்தார்கள். 2024-ல் வந்த முடிவு: பலன் இல்லை. தவறான வகை இ.டி.டி.ஏ. ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தவர்களும் உண்டு.

ஆனால் ஸ்டென்ட் கட்டாயமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது, அதை நான் ஒதுக்க மாட்டேன். 5,179 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததும், நல்ல மருந்தோடு காத்திருந்ததும் மாரடைப்பு, மரண விஷயத்தில் பெரிய வேறுபாடு காட்டவில்லை. நெஞ்சுவலி மட்டும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும், இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் இல்லை. அதனால் ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி. தட்டையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரி இதயப் பிரிவிலோ வேறொரு இதய மருத்துவரிடமோ கேளுங்கள்: “என் அடைப்பு எந்தக் குழாயில்? மாத்திரையில் சமாளிக்கலாமா?” ஆபரேஷன் இல்லாத வழி உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் அது மாத்திரைகள்தான். அதற்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. ஓய்விலேயே வலி வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ இந்த ஆலோசனைக்கெல்லாம் நேரமில்லை, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த விளம்பரத்தை வெட்டி வையுங்கள். மாய சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இதய நோயும் ரத்தக்குழாய் தடிப்பும் இருக்கின்றன. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தொடங்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை.

கேள்வி: இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் காய்ச்சிய கலவை அடைப்பை நீக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. இப்போது பாட்டிலிலும் விற்கிறார்கள். – வாசகர், நாகர்கோவில்

பதில்: அடைப்பு நீங்காது. குழாய்ச் சுவருக்குள் வருடக்கணக்கில் படிந்து, சுண்ணாம்பும் ஏறிய கொழுப்பு அது. நீங்கள் குடிப்பது அதைத் தொடுவதுகூட இல்லை. ருசிக்காக ஒரு ஸ்பூன் என்றால் சரி. சர்க்கரை உள்ளவர்கள் தேனைக் கணக்கில் வையுங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: எல்லாவற்றையும் வேண்டாம் என்றால், காசு கொடுத்து வாங்கத் தகுந்தது எதுவுமே இல்லையா? – வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது. இசப்கோல் உமி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தினம் 10 கிராம் அளவில் நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டால் எல்.டி.எல். கொஞ்சம் குறையும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது சோடியம் குறைத்த உப்பு. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்து ஐந்தாண்டுபோலக் கவனித்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் தெரிந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பி.பி., இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

மூன்றாவது, பி.பி. பார்க்கும் கருவி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். பட்டை உங்கள் கைக்குச் சரியான அளவா என்று கடையிலேயே கட்டிப் பாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.