வாசகர் கேள்வி பதில்: பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க நினைக்கிறீர்களா?

கேள்வி: வகுப்பில் யாரைக் கேட்டாலும் பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் மூக்கு, முடி, தொப்பை என்கிறார்கள். அந்த வார்டில் உண்மையில் என்னதான் நடக்கிறது?
– எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தில் இந்தத் துறைக்கு இடம் கொஞ்சம்தான். மிச்சத்தைச் செல்போன் விளம்பரம் சொல்லித்தருகிறது. ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் பட்டியலைப் பாருங்கள். தீக்காயம் ஆறும்போது நெஞ்சோடு ஒட்டிப்போன தாடை, பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல், பைக் விபத்தில் எலும்பு வெளியே தெரியும் கால், புற்றுநோய்க்காக எடுத்த தாடைக்குப் பதிலாகக் கால் ஃபிபுலா எலும்பை வைத்துக் கட்டுவது என்று போகும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு 1971-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் ஆர். வெங்கடசாமி, சரிவாக வெட்டுப்பட்ட விரல் நுனியை மூடும் முக்கோண ஃபிளாப் (ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி வைக்கும் தோல் துண்டு) முறையை 1980-இல் வெளியிட்டார்.

பரீட்சையில் சரியாக எழுதிவிட்டு வார்டில் பலர் தடுமாறும் இடம், கிராஃப்டா ஃபிளாப்பா என்பதுதான். வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் கிராஃப்ட் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் உள்ள படுகைத் திசுவின் ரத்த ஓட்டத்தை நம்பித்தான் பிழைக்கும். பெரியாஸ்டியம் என்ற மேலுறை போன எலும்பின் மேல் வைத்தால் கருகிவிடும். அங்கே ரத்தக்குழாயோடு வரும் ஃபிளாப் வேண்டும். நல்ல படுகையில் வைத்த கிராஃப்டும் ஒட்டாமல் போனால், அடியில் ரத்தம் கட்டியதா, கட்டு நகர்ந்ததா, சீழ் பிடித்ததா என்று பாருங்கள்.

கேள்வி: துண்டான விரலை ஐஸ் கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். சீனியர் திட்டினார். குளிர்ச்சியாக வைப்பது சரிதானே?
– ஹவுஸ் சர்ஜன், திருப்பூர்

பதில்: குளிர்ச்சி வேண்டும், ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டால் ஊதிவிடும். ஸ்பிரிட், டெட்டால் எதுவும் வேண்டாம்.

விரலைச் சலைனில் அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக முடிச்சிடுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். மேலே பெயரும் வெட்டுப்பட்ட நேரமும் எழுதுங்கள். நேரம் எழுத மறப்பவர்கள்தான் அதிகம். விரலில் தசை இல்லாததால் சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரம், குளிரில் 24 மணி நேரம் வரை தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே வெட்டுப்பட்டால் தசை இருக்கிறது. அதற்கு முறையே 6, 12 மணி நேரம்தான்.

கையைப் பொறுத்தவரை, அழுத்திக் கட்டி உயர்த்தி வைத்தாலே பெரும்பாலும் ரத்தம் நிற்கும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இடுக்கியால் ரத்தக்குழாயைக் கவ்வாதீர்கள். சர்ஜன் தைக்கப்போவது அதே குழாயைத்தான். விரல் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தோலை வெட்டி விடாதீர்கள், அதற்குள் ஒரு சிரை ஓடலாம். கைக்கும் துண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்து, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு, அனுப்புமுன் போன் செய்துவிடுங்கள்.

கேள்வி: மகன் இதில்தான் சேருவேன் என்கிறான். மொத்தம் எத்தனை வருடம்?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: எம்பிபிஎஸ் ஹவுஸ் சர்ஜனோடு ஐந்தரை வருடம், எம்எஸ் பொது அறுவை மூன்று, நீட் எஸ்எஸ் நுழைவுத் தேர்வு எழுதி, பிளாஸ்டிக் சர்ஜரி சிறப்புப் பட்டமான எம்சிஹெச் மூன்று. எம்பிபிஎஸ் முடித்ததும் நேராகச் சேரும் ஆறு வருட டிஆர்என்பி (தேசியத் தேர்வு வாரியத்தின் சிறப்புப் பட்டம்) படிப்பும் உண்டு. அதில் ஒரு நுழைவுத் தேர்வு குறையும். ஆனால் நடுவில் மனம் மாறினால் கையில் எம்எஸ் பட்டம் இருக்காது. முடிவெடுக்குமுன் தீக்காய வார்டில் கட்டு மாற்றும் நேரத்தில் பத்து நாள் நிற்கச் சொல்லுங்கள். அந்த வாடையும் அலறலும் தாங்கவில்லை என்றால் இப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைக்கும் மைக்ரோ தையலை வீட்டில் பழக முடியுமா? எனக்குக் கை லேசாக நடுங்கும்.
– இறுதியாண்டு மாணவர், மதுரை

பதில்: முன்கையை மேசையில் முழுதாகச் சாய்த்து வைத்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். முதலில் கையுறை ரப்பரில் ஒரு கீறல் போட்டு, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து தைத்துப் பாருங்கள். பிறகு கறிக்கடைக் கோழித்தொடையின் ரத்தக்குழாய்க்குப் போகலாம். குழாயின் உள்சுவரை ஃபோர்செப்ஸால் பிடிக்காதீர்கள். நோயாளியிடம் அங்கேதான் ரத்தம் உறையும். வெளியுறையை மட்டும் பிடியுங்கள். தைத்து முடித்ததும் தண்ணீர் செலுத்திக் கசிவைப் பாருங்கள். பிறகு குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்தால், எத்தனை தையல் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று எண்ணிவிடலாம்.