எனக்கு பைபோலார் இருக்கிறது, குழந்தைக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 29. ஆறு வருடமாக பைபோலார் கோளாறுக்கு (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) சிகிச்சை எடுக்கிறேன். வால்ப்ரோயேட் மாத்திரையில் மூன்று வருடமாகத் தொந்தரவு இல்லை. இப்போது குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். என் நோய் குழந்தைக்கும் வருமா? மரபணுச் சோதனை செய்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமா? தம்பி பிறந்த சமயத்தில் அம்மாவுக்கும் மனநலம் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகச் சித்தி சொன்னார்.

பதில்: தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் கவலை எல்லாம் குழந்தையின் மரபணு மேல் இருக்கிறது. எனக்கோ முதல் கவலை உங்கள் மாத்திரை, அடுத்தது பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம். மரபணுவை மாற்ற முடியாது. இவை இரண்டையும் இப்போதே சரிசெய்ய முடியும்.

வால்ப்ரோயேட் கருவுக்கு ஆகாத மருந்து. கர்ப்பத்தில் அதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது: முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது, இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு போன்றவை. 100 குழந்தைகளில் 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில் சிக்கல் வருகிறது. பேச்சும் நடையும் தாமதமாகலாம், படிப்பில் சிரமம் வரலாம், ஆட்டிசம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் முதுகுத்தண்டு மூடிவிடும். அதாவது, பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடும். ஃபோலிக் ஆசிட் அவசியம்தான்; ஆனால் அது இந்த ஆபத்தை நீக்கிவிடாது.

அதற்காக இன்றே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். கருத்தடையைத் தொடருங்கள், இந்த வாரமே மனநல மருத்துவரிடம் போய் "குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்" என்று சொல்லுங்கள். லாமோட்ரிஜின், குவெட்டியாபின், லித்தியம் என்று மாற்று வழிகள் உண்டு. லித்தியத்தால் குழந்தையின் இதயத்துக்குச் சிறிய ஆபத்து உண்டு, அளவு கூடினால் ஆபத்தும் கூடும். கர்ப்பத்தில் இரத்தத்தில் அதன் அளவு இறங்குவதால் அடிக்கடி பரிசோதிக்கவும் வேண்டும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புது மருந்தில் சில மாதம் நிலையாக இருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது.

அடுத்து, அம்மாவின் கதை. நீங்கள் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான். பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் பொதுவாக 1000 தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பைபோலார் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வரலாம். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ அது வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால் சித்தியிடம் விவரமாகக் கேளுங்கள். குழந்தை பிறந்து எத்தனையாவது நாள் ஆரம்பித்தது? தூங்கினாரா? யார் மீதாவது சந்தேகப்பட்டாரா? என்ன மருந்தில் குணமானார்?

இந்த நோயின் தொடக்கத்தைச் சந்தோஷம் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். பிரசவமான மூன்றாம் நாள், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது, அசதியும் தெரியாது. நள்ளிரவில் எழுந்து அலமாரியை அடுக்குவார், வேகவேகமாகப் பேசுவார். அப்புறம் சில மணி நேரத்திலேயே பேச்சு குழம்பி, "இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்" என்ற இடத்துக்குப் போய்விடலாம். அப்போது காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் முழுமையாகக் குணமாகிறார்கள்.

ஆகவே எட்டாம் மாதத்துக்குள் ஒரு திட்டத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிரசவமானதும் எந்த மருந்து, எந்த அளவில்? தாய்ப்பால் கொடுக்கலாமா? இரவில் குழந்தையை யார் பார்ப்பது? கடைசிக் கேள்வியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தூக்கம் கெடுவதே இந்த நோயைக் கிளப்பிவிடும். தொடர்ந்து சில மணி நேரமாவது நீங்கள் தூங்க, இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். திட்டத்தின் நகல் மகப்பேறு மருத்துவரிடமும் கணவரிடமும் இருக்கட்டும்.

சரி, குழந்தைக்கு வருமா? பெற்றோரில் ஒருவருக்கு பைபோலார் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 5 முதல் 10 வரை. மற்றவர்களைவிட இது அதிகம்தான். ஆனாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கான வாய்ப்பும் கொஞ்சம் கூடும். மரபணுக்கள் முழுக்க ஒன்றாக உள்ள இரட்டையரில்கூட ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு.

வளரும் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. பின்லாந்தில், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள தாய்மார்கள் பெற்றுத் தத்துக் கொடுத்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சண்டையும் குழப்பமுமான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் நோய் அதிகம் தெரிந்தது. அமைதியான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் மிகக் குறைவாகவே தெரிந்தது. பைபோலாரும் ஸ்கிசோஃப்ரினியாவும் வேறு வேறு நோய்கள் என்றாலும் இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. நீங்கள் சிகிச்சையில் நிலையாக இருப்பதே குழந்தைக்கு நல்ல சூழல். மதுவையும் புகையையும் தவிர்ப்பதும் அப்படித்தான்.

சூழல் என்றதும் எல்லாப் பழியையும் தாயின் மேல் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத தாய்தான் என்று மருத்துவர்களே சொன்னார்கள். 1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டி, அந்த எண்ணம் மாற உதவியது. நாளை யாராவது உங்களை அப்படிச் சொன்னால் ஏற்காதீர்கள்.

மரபணுச் சோதனை பற்றி: பைபோலாருக்கு ஒற்றை மரபணு கிடையாது. மிகச் சிறிய தாக்கம் கொண்ட ஏராளமான மாற்றங்கள் சேர்ந்துதான் வாய்ப்பைக் கூட்டுகின்றன. குழந்தைக்கு வருமா வராதா என்று சொல்லும் சோதனை இன்று இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. குடும்பத்தில் மனநோயோடு பிறவி இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் சேர்ந்து இருந்தால், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 22ஆவதில் ஒரு துண்டு விடுபட்டிருக்கலாம். அப்படியானால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.