ஜெபித்தும் தூக்கம் வரவில்லை என்றால் அது விசுவாசக் குறைவா?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது இவ்வளவு: பல மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை, மனம் சோர்ந்து கிடக்கிறது, சபையில் சொன்னால் "இன்னும் ஜெபியுங்கள்" என்கிறார்கள், மருத்துவரிடம் போனால் கர்த்தரை நம்பாதது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

விசுவாசக் குறைவு இல்லை. மருத்துவரிடம் தாராளமாகப் போங்கள். அவசரத்தில் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மா நோயில் படுத்திருந்த வருடம் எனக்கும் இதே நிலைதான். பதினொரு மணிக்குப் படுப்பேன், இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை மனம் ஏதாவது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சபையில் பெரியவர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், சங்கீதம் 127:2ஐ எடுத்துக் காட்டினார்: "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." எனக்கோ நித்திரை இல்லை. அப்படியானால் நான் பிரியமானவன் இல்லையா? இந்தக் கேள்வியோடு இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

பிறகுதான் அந்த வசனத்தை முழுதாகப் படித்தேன். அதிகாலையில் எழுந்து, நேரங்கெட்ட நேரம்வரை வேலையில் தரித்து, "வருத்தத்தின் அப்பத்தை" சாப்பிடுவது வீண் என்றுதான் அது தொடங்குகிறது. தன் உழைப்பு நின்றால் உலகமே நின்றுவிடும் என்று ஓடுகிறவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. தூக்கம் வராதவனுக்கு மதிப்பெண் போட எழுதியது அல்ல. எபிரேயத்தில் அந்தக் கடைசி வரியை "தம் பிரியமானவன் தூங்கும்போதே கொடுக்கிறார்" என்றும் படிக்க இடமிருக்கிறது. எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும். நான் கண்ணை மூடியிருக்கும்போதும் வேலை நடக்கிறது, அதை நடத்துகிறவர் நான் இல்லை.

தூங்காதவர்கள் வேதத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று 77ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் தேவனிடமே முறையிடுகிறார். அப்போஸ்தலன் பவுல் தான் பட்ட பாடுகளை வரிசையாகச் சொல்லும்போது "அநேகமுறை கண்விழிப்புகளிலும்" என்று ஒன்றைச் சேர்த்து, அடுத்த வசனத்திலேயே எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார் (2 கொரிந்தியர் 11). பிலிப்பியருக்கு "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதியவரும் அவரேதான். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் கவலைக்கு ஒரே வேர்ச்சொல். இரண்டாவதை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம், முதலாவதை யாரும் மாட்டுவதில்லை.

ஆனால் என்னை உண்மையில் தேற்றியது எலியாதான். 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய நாளுக்குப் பிறகு, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவன் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை, கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் தடையில்லை. தூதன் இரண்டாம் முறை எழுப்பியபோது சொன்னது: நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கும் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், அப்புறம்தான் பேச்சு. சோர்ந்து வருகிறவர்களிடம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம் என்பது என் மனக்குறை.

சரி, மருத்துவம். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மனச்சோர்வை வளர்க்கும், எது முதலில் வந்தது என்று நாமே பிரித்தறிய முடியாது. தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது போன்ற உடல் காரணங்களும் இருக்கலாம், அவை ஜெபக்குறிப்பில் தெரியவராது. மாத்திரைக்கு முன்பே, தூக்கமின்மைக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி) முயலச் சொல்வார்கள். எனக்கு அதில் சொல்லித்தந்த ஒன்று: இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடு, தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குத் திரும்பு. முதல் பத்து நாள் கொடுமையாக இருந்தது. அப்புறம் மெல்ல மாறியது. மாத்திரையும் சில வாரம் எடுத்தேன், அதற்காக மனஸ்தாபப்பட்டதில்லை. எலியாவைப் போல உங்களுக்கும் "போதும்" என்று தோன்றினால், அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. தூக்கம் வரவைக்கும் மருந்தாக அதைப் பயன்படுத்துவதை மட்டும் விட்டேன். "ஜெபித்தாயிற்று, ஏன் இன்னும் வரவில்லை" என்று கடிகாரத்தைப் பார்ப்பது தூக்கத்தையும் கெடுத்தது, ஜெபத்தையும் கெடுத்தது. இப்போது படுக்கும் முன் அன்று முடியாமல் போன காரியங்களை ஒரு தாளில் எழுதி, 121ஆம் சங்கீதத்தின் "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற வரியைச் சொல்லி, தாளை மேசையில் வைத்துவிடுகிறேன். அவர் விழித்திருக்கிறார், இருவரும் விழித்திருக்க வேண்டியதில்லை.

முழு இரவு ஜெபத்துக்குப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தூக்கம் சீராகும்வரை வேண்டாம். போதகர் கேட்டால் அப்போஸ்தலர் 20ஐக் காட்டுங்கள். பவுல் நடுராத்திரிவரை பிரசங்கித்ததில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். ஏன் தூங்கினாய் என்று யாரும் அவனைக் கேட்டதாக அங்கே எழுதியில்லை.