விளக்கை அணைத்தால் தெரியும் உருவம்: செலவில்லாத் திகில் குறும்படம் பற்றிக் கேள்வி பதில்

சுவீடனைச் சேர்ந்த டேவிட் எஃப். சாண்ட்பெர்க் 2013இல் எடுத்த 'லைட்ஸ் அவுட்' குறும்படத்தை முன்வைத்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: மூன்று நிமிடம்கூட ஓடாத படம் இவ்வளவு பயமுறுத்துவது எப்படி?

படுக்கப் போகும் பெண் ஒருத்தி நடைவழி விளக்கை அணைக்கிறாள்; கோடியில் ஓர் உருவம் நிற்பது தெரிகிறது. விளக்கைப் போட்டால் அங்கே யாருமில்லை. இருட்டில் மட்டுமே அது இருக்கும் என்ற விதியை, ஒரு வசனமும் இல்லாமல், சுவிட்சை மாறி மாறித் தட்டுவதைக் கொண்டே இயக்குநர் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார். விதி புரிந்த பிறகு அடுத்த முறை அவள் விரல் சுவிட்சை நெருங்கும்போதே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அணைந்துவிடாதபடி சுவிட்சின் மேல் அவள் டேப் ஒட்டுவது எனக்கு மிகவும் பிடித்த இடம். பயந்துபோன எவரும் செய்யக்கூடிய காரியம் அது என்பதால்தான் அந்த வீடு நம் வீடாகிவிடுகிறது.

கேள்வி: படப்பிடிப்புக் குழு எவ்வளவு பெரியது?

கணவன், மனைவி இருவர்தான். மனைவி லோட்டா லோஸ்டன் நடித்தார். படமாக்கிய இடம் அவர்கள் குடியிருந்த வீடு.

கேள்வி: ஆள் குறைவாக இருக்கும்போது ஒரே ஃப்ரேமில் பெண்ணையும் உருவத்தையும் காட்டுவது எப்படி?

ஃப்ரேமை இரண்டாகப் பிரித்து ஒட்டும் பழைய உத்தியே போதும். கேமராவை முக்காலியில் அசையாமல் பூட்டி, பெண்ணை ஒரு முறையும் உருவத்தை இன்னொரு முறையும் எடுத்து, எடிட்டிங்கில் இரண்டு பாதிகளையும் சேர்க்க வேண்டும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு ஷாட்டுக்கும் நடுவே இவற்றில் ஒன்று மாறினாலும் ஒட்டிய கோடு பளிச்சென்று தெரிந்துவிடும். சன்னலைத் திரையிட்டு மூடுவதும் அவசியம், ஏனெனில் தெருவில் போகும் வண்டியின் வெளிச்சம் ஒரு பாதியில் மட்டும் விழுந்தால் உழைப்பெல்லாம் வீண்.

கேள்வி: இருட்டுக் காட்சிகள் என் கேமராவில் புள்ளி புள்ளியாக வருகின்றன. என்ன செய்யலாம்?

உண்மையான இருட்டில் எடுக்காதீர்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) கூட்டாமல், தேவைக்குச் சற்று அதிகமான வெளிச்சத்தில் எடுத்து, பிறகு கலர் கிரேடிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் திருத்தும் வேலை) இறக்கினால் கறுப்பு சுத்தமாக இருக்கும். உருவத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை மறைத்து வைத்தால் முகம் தெரியாது, விளிம்பு மட்டும் தெரியும். மலிவான வேடமும் அம்பலப்படாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேமில், ஷட்டரை 1/50 நொடி வைத்து எடுத்தால் விளக்குச் சிமிட்டல் பெரும்பாலும் தொல்லை தராது.

கேள்வி: முழுநீளப் படமாக வந்தபோது அதே பயம் இல்லையே?

2016இல், திகில் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஜேம்ஸ் வான் தயாரிப்பில், சாண்ட்பெர்க்கே இயக்கிய படம் அது. வசூலில் பெரிய வெற்றி. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு நெருங்கிய கதைக்கு அந்த உருவம் யார், ஏன் வருகிறது என்று சொல்லியாக வேண்டியிருந்தது. பெயரும் பூர்வகதையும் கிடைத்த பேயிடம் பாதிப் பயம் போய்விடும் என்பது என் கட்சி.

கேள்வி: பின்னணி இசைக்குப் பணமில்லை.

நல்லதாயிற்று. மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல், படமெடுக்கும் அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்து காட்சிகளுக்கு அடியில் ஓடவிடுங்கள். அதன் மேல் சுவிட்சின் 'டக்' ஒலியைத் தனியாக, மைக்கை நெருக்கி வைத்துப் பதிவு செய்து சேர்த்தால், இந்த வகைப் படத்துக்கு வேறு வாத்தியம் தேவைப்படாது.