பழைய செஸ்னாவை விற்பதும் அடுத்த விமானத்தைத் தேடுவதும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுபாங்கில் நெடுங்காலம் சிறு விமானங்களின் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த விமானம் வைத்திருப்பவர்களும் வாங்கத் துடிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விலை மதிப்பு மட்டும் கேட்காதீர்கள். விமானத்தைப் பார்க்காமல் விலை சொல்பவன் தரகன்.

கிள்ளானிலிருந்து: ஐயா, 1975இல் தயாரான செஸ்னா 172 வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அதிகம் பறக்கவில்லை. என்ஜினை ஓவர்ஹால் செய்து, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்து, விற்றால் நல்ல விலை கிடைக்குமா?

செய்யாதீர்கள். போட்ட பணம் விலையில் முழுதாகத் திரும்பாது. வாங்குபவருக்கு அவர் நம்பும் பட்டறை ஒன்று இருக்கும். உங்கள் பட்டறையின் வேலைக்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்?

உங்கள் விமானத்தில் இருப்பது லைக்கோமிங் ஓ-320. இரண்டு ஓவர்ஹாலுக்கு இடையே 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. நம் ஊரில் மணிக்கணக்கைவிட எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு ஆண்டு சும்மா நின்றதுதான். இந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நின்றுவிட்டால் அதன் மேல் படிந்த எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். பிறகு நம் ஈரக்காற்று தன் வேலையைக் காட்டும். துருப்பிடித்த கேமின் மேல், அதை ஒட்டி நகரும் டேப்பெட் உரசி உரசி இரும்புத் தூளாக எண்ணெய் வடிகட்டியில் வந்து சேரும்.

வாரம் ஒரு முறை ஹாங்கருக்கு வெளியே பத்து நிமிடம் ஓட்டி அணைக்கிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எண்ணெய் போதுமான அளவு சூடேறாததால் அந்த நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. மாதம் ஒரு முறையாவது, எண்ணெயின் வெப்பம் 74 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்கச் சொல்கிறது லைக்கோமிங்.

ஆகவே முதலில் உங்கள் பொறியாளரிடம் விமானத்தை முழுதாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் பறக்கத் தொடங்குங்கள். பிறகு எண்ணெய் மாற்றி, வடிகட்டியை வெட்டித் திறந்து பாருங்கள். சிலிண்டருக்குள் போர்ஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை விட்டுப் படம் எடுங்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் தாங்கி நிற்கும் காற்றழுத்தம், 80இல் 70க்கு மேல் நின்றால் மகிழ்ச்சி. இந்தத் தாள்களை வாங்குபவர் முன் வையுங்கள். புது ஓவர்ஹால் தராத நம்பிக்கையை அவை தரும்.

செந்தூலிலிருந்து: விற்பதற்கு முன் புது வர்ணம் அடிக்கலாமா?

கழுவுங்கள், போதும். பழைய விமானத்தில் பளபளக்கும் வர்ணத்தைப் பார்த்தால் அதன் அடியில் என்ன அரிப்பு இருக்கிறது என்றுதான் என் கண் தேடும்.

ஈப்போவிலிருந்து: 1980களைச் சேர்ந்த லாக் புக் (பராமரிப்புப் பதிவேடு) ஒன்று காணவில்லை. விலை எவ்வளவு குறையும்?

கணிசமாகக் குறையும், அதில் நியாயமும் இருக்கிறது. கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள் பல அந்தக் காலத்தில் வந்தவை. எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்று காட்டத் தாள் இல்லையென்றால் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் பழைய பட்டறைகளைக் கேளுங்கள். பணி ஆணை நகல்களைப் பத்திரப்படுத்தும் நல்ல வழக்கம் சிலரிடம் உண்டு. விமானம் முன்பு அமெரிக்கப் பதிவில் இருந்திருந்தால், ஓக்லஹோமா நகரில் அந்நாட்டு வான் போக்குவரத்து நிர்வாகத்தின் கோப்பு இருக்கும். பெரிய பழுதுபார்ப்புகள், மாற்றங்கள் பற்றிய படிவங்கள் அதில் அகப்படும், நகல் வாங்கலாம். ஒன்றும் அகப்படாவிட்டால் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். எப்படியும் வாங்குபவரின் பொறியாளர் முதல் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஷா ஆலமிலிருந்து: ஆஸ்திரேலியாவில் இருந்து ஒருவர் கேட்கிறார். எப்படி அனுப்புவது, பணத்தை எப்படி வாங்குவது?

இறக்கையைக் கழற்றி நாற்பது அடி கன்டெய்னரில் ஏற்றலாம். செஸ்னா 172க்கு இது வழக்கமான வேலை. ஆனால் பழைய செஸ்னாக்களுக்குத் தயாரிப்பாளர் வகுத்த கூடுதல் கட்டமைப்புச் சோதனைகளில் ஆஸ்திரேலியா கண்டிப்பானது. அமெரிக்காவில் சொந்தப் பயனுக்குப் பறப்பவருக்கு அவை கட்டாயமல்ல. அந்தச் செலவு யாருடையது என்று பேரத்தின் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

வரிசை மிக முக்கியம். பணம் மூன்றாமவர் காக்கும் நடுநிலைக் கணக்கில் வந்து சேராமல், மலேசியாவின் 9எம் பதிவை நீக்க விண்ணப்பிக்காதீர்கள். பதிவு போன விமானம் பறக்க முடியாது. வாங்குபவர் மனம் மாறினால் ஹாங்கர் வாடகை உங்கள் தலையில். ஏற்றுமதிக்கான பறக்குந்தகுதிச் சான்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ராடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரிலும் அவசரகால அலைபரப்பியிலும் நம் நாட்டுக் குறியீடு இருக்கும். அதை மாற்றாமல் விட்டால், அங்கே அது தவறி ஒலிக்கும்போது தேடல் மீட்புக்காரர்கள் உங்களைத்தான் எழுப்புவார்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: என் பழைய செஸ்னா 172ஐ விற்ற பணத்தோடு இன்னும் போட்டு சிரஸ் எஸ்ஆர்22 விமானம் வாங்க ஆசை. நானும் மனைவியும் பெரும்பாலும் லங்காவிக்குத்தான் போவோம்.

பினாங்கிலிருந்து லங்காவி சுமார் 70 கடல் மைல். 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் உங்கள் பழைய விமானம் நாற்பது நிமிடத்துக்குள் சேர்க்கும். 170 நாட்டில் சிரஸ் 25 நிமிடத்தில் சேர்க்கும். இந்தக் கால் மணி நேரத்துக்காக 310 குதிரைத்திறன் என்ஜினுக்கு மணிக்கு அறுபது லிட்டர் ஊற்றப் போகிறீர்களா? ஓடுபாதைக்கு வெளியே பயணிகள் விமானம் இறங்கக் காத்திருப்பதிலேயே லாபம் பாதி கரைந்துவிடும்.

முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் அருமையான பொருள், மறுக்கவில்லை. பத்து ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றிக் கட்ட வேண்டும்; அந்தச் செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். சுபாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு, தித்திவங்சா மலைத்தொடரையும் அடர்காட்டையும் தாண்டி, மாதம் இரு முறை போகிறவர் என்றால் நானே வாங்கச் சொல்வேன். கீழே இறங்கத் திறந்தவெளி இல்லாத இடம் அது. உங்கள் வழியில் அப்படி மலையும் அடர்காடும் இல்லை.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து: ஈயம் கலந்த ஏவ்காஸ் (சிறு விமானங்களுக்கான பெட்ரோல்) நின்றுபோகும் என்கிறார்களே, இப்போது பெட்ரோல் என்ஜின் வாங்கலாமா?

அமெரிக்கா 2030க்குள் ஈயத்தை விட்டுவிட இலக்கு வைத்திருக்கிறது. ஈயமில்லாத 100 ஆக்டேன் எரிபொருள் ஒன்றுக்கு 2022இல் அங்கே ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் புது எரிபொருள் நம் விமான நிலையத்துக்கு வந்து சேர்வது வேறு கதை. இன்றைக்கே எல்லா விமான நிலையத்திலும் ஏவ்காஸ் கிடைப்பதில்லை. ஜெட் விமானங்களின் எரிபொருளான ஜெட் ஏ-1 கிடைக்காத பெரிய நிலையம் இல்லை.

அதனால்தான் டயமண்ட் டிஏ40 என்ஜி விமானம் எனக்குப் பிடிக்கும். 168 குதிரைத்திறன் டீசல் என்ஜின், ஜெட் ஏ-1 குடிக்கும், செஸ்னாவைவிடக் குறைவாகவே குடிக்கும். மோட்டார் கார் பெட்ரோலில் ஓட வேண்டுமென்றால் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் என்ஜின் உள்ள விமானம். ஆர்ஓஎன் 95 போதும். இரண்டுக்கும் அதே கேள்விதான்: அந்த என்ஜினில் கைவைக்க உரிமம் பெற்றவர் அருகில் யார்? அந்தப் பெயர் தெரியாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கிள்ளானிலிருந்து இன்னொருவர்: பைப்பர் ஆரோ விமானம் ஒன்று மலிவாக வருகிறது, அண்ணா.

முன்பு பயிற்சிப் பள்ளியில் இருந்ததா என்று கேளுங்கள், தம்பி. 2018இல் புளோரிடாவில் பயிற்சியில் இருந்த ஓர் ஆரோவின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்தது. அதன் பிறகு இறக்கையின் முதன்மை உத்திரத்திலுள்ள போல்ட் துளைகளை, விரிசலை மின்னோட்டத்தால் கண்டுபிடிக்கும் எடி கரண்ட் முறையில் சோதிக்க உத்தரவு வந்தது. அந்தச் சோதனைத் தாள் இருந்தால் மேலே பேசுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: வயது 61. விற்ற பிறகு இன்னொன்று எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வீட்டில் கேட்பது சரியான கேள்வி. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று ஓராண்டுதான் செல்லும். ஒவ்வோர் ஆண்டும் மருத்துவர் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? முழு விமானம் வேண்டாம். மூன்று நான்கு பேராகப் பங்கு போடுங்கள். செலவு பிரியும், யாராவது ஒருவர் பறந்துகொண்டே இருப்பதால் என்ஜினும் துருப்பிடிக்காது. ஆனால் கூட்டாளிகள் நெருங்கிய நண்பர்களாக இருந்தாலும் வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்: மருத்துவச் சான்று இழந்தவர் எந்த விலைக்கு விலகலாம், மற்றவர்கள் எத்தனை மாதத்துக்குள் அவர் பங்கை வாங்க வேண்டும், வாங்கும் வரை ஹாங்கர் வாடகையில் அவர் பங்கு எவ்வளவு.