முதல் புரோகிராமுக்கு என்ன இன்ஸ்டால் செய்வது?

கேள்வி: ஆத்தங்குடியில் அப்பா கல் பட்டறை வைத்திருக்கிறார். நான் காரைக்குடியில் பி.காம். படிக்கிறேன். அறையின் அளவைக் கொடுத்தால் எத்தனை தரைக்கல் வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றைப் பைதான் மொழியில் எழுத ஆசை. விஎஸ் கோடு இன்ஸ்டால் செய்தேன். டெர்மினலில் பைதான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். புதிது வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். லேப்டாப்பில் குறை எதுவும் இல்லை, பைதான் இன்னும் அதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

விஎஸ் கோடு என்பது எழுதுவதற்கான எடிட்டர். எழுதியதைப் படித்து ஓட்டுகிற பைதான் வேறு மென்பொருள். அதைத் தனியாகத்தான் போட வேண்டும். விண்டோஸில் அது இல்லாதபோது அந்தப் பெயரை அடித்தால், 'இங்கே கிடைக்கும்' என்று ஸ்டோரைத் திறந்து காட்டும்படி மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்கும் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

உங்களுக்கு என் யோசனை: முதல் சில மாதங்களுக்குத் தானி (Thonny) என்ற எடிட்டரில் எழுதுங்கள். எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்க மாணவர்களுக்காகவே உருவானது. இலவசம். பைதானும் அதனுள்ளேயே வந்துவிடுவதால் ஸ்டோர் தொல்லை கிடையாது. எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தினால் கீழே விடை வரும். கண்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினால் வரிவரியாக ஓட்டிப் பார்க்கலாம். 'வியூ' மெனுவில் வேரியபிள்ஸ் பலகத்தைத் திறந்து வைத்தால் எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதும் தெரியும். சின்னப் பிள்ளைகள் சாமான் என்று சீனியர்கள் யாராவது கேலி செய்வார்கள். செய்யட்டும்.

உங்கள் கல் கணக்குக்கு அந்தப் பலகம் ரொம்ப உதவும். புரோகிராம் ஓடும்போது நம்மிடம் மதிப்பைக் கேட்கும் இன்புட் கட்டளை மூலம் வாங்கும் எதையும் பைதான் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். நீளம் 12 அடி என்று கொடுத்து, அங்குலமாக்க 12-ஆல் பெருக்கினால் 144 வராது. 12 என்ற எழுத்து பன்னிரண்டு முறை ஒட்டி நீளமாக வந்து நிற்கும். பிழைச்செய்தியும் வராது என்பதால் ஆள் குழம்பிப் போவான். பலகத்தில் பார்த்தால் அந்த 12 மேற்கோள் குறிக்குள் இருக்கும். வாங்கிய உடனே ஃப்ளோட் என்ற கட்டளை கொண்டு தசம எண்ணாக மாற்றிவிடுங்கள், பத்தரை அடி அறைக்கும் சரியாக வரும்.

அப்புறம் கணக்கு. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அங்குலக் கல் என்று வைத்துக்கொள்வோம். பரப்பை வகுத்தால் 172.8, அதாவது 173 கல். வரிசையாகப் பார்த்தால் ஒரு பக்கம் 14.4, மறுபக்கம் 12. முதலாவதை, பின்னத்தை அடுத்த முழு எண்ணாக்கும் சீல் என்ற கட்டளை (பைதானின் மேத் தொகுப்பில் இருக்கிறது) கொண்டு 15 ஆக்கினால் 180 கல். வெட்டி மிஞ்சிய துண்டை இன்னோர் இடத்தில் பதித்தால் 174-இலேயே முடியும், ஆனால் பூ வேலை உள்ள கல்லில் டிசைன் முறியும். எது சரி என்பதை அப்பாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். உடைசலுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஃபைல்களுக்கு டி டிரைவிலோ டாக்குமென்ட்ஸிலோ ஒரே ஃபோல்டர் போதும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் வைக்காதீர்கள். கல் அளவு, அறை நீளம் என்று மாறிகளுக்கு (வேரியபிள்களுக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட வேண்டும்.

விஎஸ் கோடை அழிக்க வேண்டாம். புரோகிராம் இரண்டு மூன்று ஃபைல்களாகப் பெருகும்போது அதற்கு மாறுங்கள். அப்போது பைதானைத் தனி இன்ஸ்டாலராக இறக்கி, முதல் திரையின் அடியில் 'பாத்'தில் (விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். விஎஸ் கோடில் பைதான் எக்ஸ்டென்ஷன் என்ற துணைச் செருகலையும் சேர்த்து, ஃபைலாக இல்லாமல் ஃபோல்டராகத் திறக்க வேண்டும். விஎஸ் கோடின் உள்ளே ஓடுவது, குரோமுக்கும் அடிப்படையான குரோமியம் பிரவுசர்தான். அதனால் 4 ஜிபியில் குரோமையும் பத்து டேபோடு திறந்து வைத்தால் திணறும். யூடியூப் பாடத்தை போனில் பாருங்கள்.